சதி என்று சொல்லிச் சமாதானமாகிறவர்கள்

மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த வீடியோ எனக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிற ஆள்தான் மாறுகிறார். பின்னணியில் சோகமாக ஒரு வயலின், கறுப்பு வெள்ளையில் ஒரு விமானம், அடித்தொண்டையில் பேசும் குரல். 1961லேயே நாம் ஒலியை மிஞ்சும் போர் விமானம் செய்தோமாம். வெள்ளைக்காரன் பொறுக்காமல் சதி செய்தானாம், நம்மவர்கள் விலைபோனார்களாம். கடைசியில் கொடி பறக்கும். ‘பார்த்தீங்களா, நாம எங்கேயோ இருந்திருக்க வேண்டியவங்க’ என்று அனுப்பியவரின் ஒரு வரி.

இந்தக் கதை எனக்கு ஆகவே ஆகாது. பொய் என்பதால் இல்லை, அதில் பாதிக்கு மேல் உண்மை. அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு நாம் அறுபது வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிற ஒப்பாரிதான் பிரச்சினை. இலக்கியம் படிக்கிற நண்பர்களும் இதில் சேர்த்திதான். நமக்கு முடிக்கப்படாத நாவல் பிடிக்கும், அச்சேறாத கவிதை பிடிக்கும், பாதியில் நின்ற சினிமா பிடிக்கும். பறக்காமல் போன விமானமும் அந்த அலமாரியில் அழகாக உட்கார்ந்துகொள்கிறது. தோல்விக்கு ஒரு சோக அழகைப் பூசிவிட்டால், ஏன் தோற்றது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்டுப் பார்ப்போம்.

அந்த விமானத்தின் பெயர் மாருத், ஹெச்.எஃப்.24. பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் உருவானது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்க 1956ல் வந்தவர் குர்ட் டாங்க் என்கிற ஜெர்மானியர். 1961 ஜூனில் முதல் மாதிரி பறந்தது, ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். வீடியோவில் சொல்லாத ஒன்று: மாருத் பறக்காமல் போகவில்லை. ஏறத்தாழ 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1967ல் விமானப்படையில் சேர்ந்தது, 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் நன்றாகவே சண்டை போட்டது, 1990 வாக்கில் ஓய்வு பெற்றது. பறக்காமல் போனது எது என்றால், காகிதத்தில் இருந்த மாருத். ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போகவேண்டும் என்று திட்டமிட்ட விமானம் ஒலியின் வேகத்தை ஒட்டியே திணறியது. உடம்பு தயாராக இருந்தது, எஞ்சின் இல்லை.

டாங்க் அந்த உடம்பை பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 என்கிற எஞ்சினை நம்பி வரைந்தார். அந்த எஞ்சினை முழுதாக வளர்த்தெடுக்க வேறு வாடிக்கையாளர் இல்லாமல் போனது. செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிரிட்டிஷ் தரப்பு கேட்டது. அன்றைய கணக்கில் சில மில்லியன் பவுண்டு. டெல்லி மாட்டேன் என்றது. ஆகவே பலம் குறைந்த ஆர்ஃபியஸ் 703ஐ இரண்டாக மாட்டிப் பறந்தார்கள். அதற்கு ஆஃப்டர்பர்னர் பொருத்தி ஒப்பேற்றலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. அப்படிப் பொருத்திய மாதிரி 1970 ஜனவரி 10 அன்று பெங்களூரில் கிளம்பியவுடனேயே விழுந்தது. உள்ளே இருந்தவர் அதே சுரஞ்சன் தாஸ். இன்று பெங்களூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. எந்நேரமும் டிராஃபிக்.

இதில் சதி எங்கே? பணம் கேட்டான், கொடுக்கவில்லை. கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பி வந்தவன், கடைக்காரன் சதி செய்தான் என்று சொல்வதுபோல இருக்கிறது. சரி, பிரிட்டனுக்கு நம்மேல் பெரிய பாசம் ஒன்றும் இல்லை, சோவியத்தும் அமெரிக்காவும் தங்கள் கணக்கைப் பார்த்துத்தான் நகர்ந்தார்கள். ஆனால் அடுத்தவன் தன் கணக்கைப் பார்ப்பதற்குப் பெயர் உலகம். சதி என்கிற பெயரை அதற்கு வைக்கமுடியாது.

குர்ட் டாங்கின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம வீடியோக்காரர்களுக்கு அவர் ஒரு மந்திரவாதி மாதிரி. ஜெர்மன் மேதை வந்தார், விமானம் தந்தார். மேதைதான், சந்தேகமில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி பறக்கவிட்ட மிகச்சிறந்த சண்டை விமானங்களில் ஒன்றான ஃபொக்க-வுல்ஃப் 190 அவருடைய குழு செய்தது. கட்டாயமாக இழுத்துவரப்பட்டவர்களின் உழைப்பில் ஓடிய விமானத் தொழில் அது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். மேதைகளைப் பற்றிப் பேசும்போது அந்த வரி வசதியாக விடுபட்டுப்போகும்.

அதே டாங்க் 1943ல் டா 154 என்று ஒரு இரவுச் சண்டை விமானம் செய்தார். மரத்தால் ஆனது. அலுமினியம் தட்டுப்பாடு, அதோடு பிரிட்டிஷ்காரனின் மர விமானமான மஸ்கிட்டோ ஜெர்மனியைத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. மாதிரி விமானம் பிரமாதமாகப் பறந்தது. மரத்துண்டுகளை ஒட்டுகிற பசை வூப்பர்டால் நகரில் ஒரு ஆலையில் தயாரானது. ஆலை குண்டுவீச்சில் போனது. அவசரத்துக்கு வேறொரு பசை. அந்தப் பசையில் அமிலம் அதிகம், அது மரத்தையே அரித்தது. 1944ல் விமானங்கள் வானத்திலேயே பிரிந்து விழுந்தன. டாங்க் உற்பத்தியை நிறுத்தச் சொன்னார். அதற்கு கோரிங், நீ சதி செய்கிறாய் என்று டாங்க் மீதே பாய்ந்ததாகச் சொல்வார்கள். பசை கெட்டுப்போனால் வேதியியல்காரனைக் கூப்பிடவேண்டும். சதிகாரனைத் தேடுகிறவன் எந்த நாட்டிலும் எந்த மொழியிலும் ஒரே ஆள்தான் போலிருக்கிறது.

போரின் கடைசி மாதங்களில் டாங்கின் குழு வரைந்தது டா 183. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, உயர்ந்த வால், ஒற்றை ஜெட். 1945 தொடக்கத்தில் ஜெர்மன் தலைமை அதைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. போர் முடிந்துவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்கென்று நினைத்துவைத்திருந்த ஹைங்கெல் எஞ்சின் சோதனைக் கட்டத்தைத் தாண்டவே இல்லை. ஆக ஜெர்மன் மண்ணிலேயே, மேதைகள் சூழ, எஞ்சின் இல்லாமல் நின்ற விமானம் அது. அப்புறம் டாங்க் அர்ஜென்டினா போனார். டா 183ன் சாயலில் புல்கி 2 என்று ஒன்று 1950ல் பறந்தது. எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் நீன், கடையில் வாங்கியது. அதில் சோதனை விமானிகள் இறந்தார்கள், 1955ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது, ஐந்தே ஐந்து மாதிரிகளோடு கதை முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் பெங்களூரில்.

ஒரே மனிதர், மூன்று கண்டம். ஒவ்வொரு இடத்திலும் நல்ல உடம்பு வரைந்தார். அது எங்கே உட்கார்ந்துபோனது என்று பார்த்தால் பசை, உலோகம், பணம், எஞ்சின். வரைபலகையில் அல்ல.

*

இதைவிடப் பழைய கதை ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் அத்திபெலே தாண்டி நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் என்கிற தொழிலதிபர், மைசூர் சமஸ்தானத்தின் பணத்தையும் நிலத்தையும் துணையாகக் கொண்டு அங்கே விமானத் தொழிற்சாலை தொடங்கினார். வில்லியம் பாலி என்கிற அமெரிக்கர் கூட்டாளி. சீனாவில் விமானம் கட்டிக்கொண்டிருந்த ஆள். 1941ல் ஹார்லோ என்ற பயிற்சி விமானம் பறந்தது, 1942 ஜூலையில் கர்டிஸ் ஹாக் என்ற சண்டை விமானம் பறந்தது. போர்க்காலத்தில் இந்திய மண்ணில் பூட்டிய சண்டை விமானம்! வீடியோவுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. ஆனால் அத்தோடு அது நின்றது. ஜப்பான் வங்கக்கடல் வரைக்கும் வந்துவிட்ட நேரம். புதிதாகக் கட்டுவதைவிட அடிபட்டு வருவதைப் பழுதுபார்ப்பதே அவசரம் என்று அரசு முடிவெடுத்தது. 1943ல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவத்தின் பழுதுநீக்கும் பட்டறையாகிவிட்டது. அதே ஆண்டுகளில் வி.எம். காட்கே என்ற நம் ஊர் அறிவியலாளர் பத்துப் பேர் உட்காரும் கிளைடர் ஒன்றை வடிவமைத்தார். ஒன்றே ஒன்றுதான் கட்டினார்கள். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது என்பதைக் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அந்த ஹாக் விமானத்துக்கு எஞ்சின் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து.

அதே வரிசையில் 1990களுக்கு வாருங்கள். இந்த முறை எல்லைக்கு இந்தப் பக்கம். தளி சாலையில் பெலகொண்டபள்ளியில் ஒரு ஓடுபாதை இருக்கிறது. அங்கே ஒரு தனியார் நிறுவனம் ஆறு பேர் போகும் இரட்டை எஞ்சின் விமானத்தை இத்தாலிய உரிமத்தில் கட்டியது. இந்தியாவில் தனியார் கட்டிய முதல் விமானம் ஓசூர் விமானம்தான் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். வரைபடம் இத்தாலி, எஞ்சின் அமெரிக்காவின் லைக்கமிங்.

எகிப்துக் கதையைச் சொல்லாமல் இந்த விஷயம் முழுமையாகாது. சதி என்றால் என்ன என்று தெரியவேண்டுமானால் அங்கேதான் போகவேண்டும். நாசரின் எகிப்து 1960 வாக்கில் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டை அழைத்துவந்தது. அவர் ஸ்பெயினில் தொடங்கி நின்றுபோயிருந்த ஹெச்.ஏ.300 என்கிற குட்டி சூப்பர்சானிக் விமானத்தை கெய்ரோ அருகே ஹெல்வானில் தொடர்ந்தார்கள். எஞ்சினுக்கு ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர். சோவியத் சிறையிருப்பில் அவர்களுக்காக மாபெரும் டர்போபிராப் எஞ்சின் ஒன்றில் வேலை செய்தவர். அவருடைய ஈ.300 எஞ்சின் மாருத்துக்கும் பொருந்தும் என்பதால் இந்தியா அதில் பங்கெடுத்தது. 1964 மார்ச் 7 அன்று ஹெச்.ஏ.300ஐ முதன்முதலாகப் பறக்கவிட்டவர் நம் விமானப்படைச் சோதனை விமானி கபில் பார்கவா. அன்று அதில் மாட்டியிருந்த எஞ்சின் எது தெரியுமா? ஆர்ஃபியஸ் 703. மாருத்தில் இருந்த அதே எஞ்சின். இரண்டு ஏழை நாடுகளும் ஒரே இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கின்றன.

அங்கே உண்மையான சதி நடந்தது. எகிப்தின் ராக்கெட் திட்டத்தில் இருந்த ஜெர்மானியர்களை மிரட்ட இஸ்ரேலிய உளவுத்துறை பார்சல் குண்டுகள் அனுப்பியது. 1962 நவம்பரில் அப்படி வந்த ஒரு பார்சல் வெடித்து ஐந்து எகிப்தியத் தொழிலாளிகள் செத்தார்கள். ஜெர்மன் நிபுணர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, அந்த ஐந்து பேரைப் பற்றி ஒரு வரியோடு சரி. இவ்வளவு நடந்தும் விமானத் திட்டம் தொடரத்தான் செய்தது. மாருத் ஒன்றை இங்கிருந்து கொண்டுபோய் ஒரு பக்கம் ஈ.300 மாட்டி 1967ல் ஹெல்வானில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஜூனில் ஆறு நாள் போர். எகிப்திடம் காசு இல்லை, சோவியத் மிக் விமானங்களோ தயாராக நின்றன. 1969 மேயில் மூடிவிட்டார்கள். ஈ.300 மாட்டிய ஹெச்.ஏ.300 பறக்கவே இல்லை. இப்போது அந்த விமானம் மூனிக் பக்கத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

*

எஞ்சின் எஞ்சின் என்கிறாயே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே ஒரு பாகத்தை மட்டும் சொல்கிறேன். டர்பைன் பிளேடு. உள்ளங்கையில் அடங்கிவிடும். எரிப்பறையிலிருந்து அதன்மேல் பாய்கிற வாயுவின் வெப்பம், அந்த பிளேடு செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். தப்பாகப் படிக்கவில்லை நீங்கள். உருகவேண்டிய இடத்தில் உருகாமல், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றிக்கொண்டு, பல டன் இழுவிசையைத் தாங்கி, நூற்றுக்கணக்கான மணிநேரம் அது நிற்கவேண்டும். அதற்காக பிளேடுக்குள் நுணுக்கமான வழிகள் வைத்துக் காற்றை ஓடவிடுவார்கள். மேலே பீங்கான் பூச்சு. உலோகத்தில் மணிமணியாகப் படிகங்கள் இருந்தால் அவற்றின் ஓரங்களில் அது இழுபட்டு நெகிழும், ஆகவே முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்ப்பார்கள். உருகிய நிக்கல் கலவையை அச்சில் ஊற்றி, உலையிலிருந்து மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்குவார்கள். அடியில் பன்றிவால் மாதிரி சுருண்ட ஒரு குழாய். பல படிகங்கள் அதில் போட்டிபோட்டு ஏறும், ஒன்றே ஒன்று ஜெயித்து வெளியே வரும். அந்த ஒன்று மேலே வளர்ந்து பிளேடு ஆகும்.

இதன் கோட்பாடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எந்த வேகத்தில் இறக்குவது, அச்சு எப்போது வெடிக்கும், நூறு வார்த்தால் எத்தனை தேறும் என்பது எதுவும் புத்தகத்தில் இல்லை. அது கைகளில் இருக்கிறது. அதே உலை முன்னால் இருபது வருஷம் நின்றவன் கையில்.

ஆர்ஃபியஸ் எஞ்சினை பெங்களூரில் உரிமம் வாங்கி நாமே தயாரித்தோம். வரைபடம் கொடுத்தால் எதையும் செய்துவிடுகிற திறமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் இந்த அளவு ஏன் இப்படி இருக்கிறது என்கிற கேள்விக்குப் பதில் உரிமத்தோடு வராது. அதைத் தோற்றுத் தோற்றுத்தான் கற்கவேண்டும். மாருத்தின் அடுத்த வடிவங்களைக் கைவிட்டு எழுபதுகளின் கடைசியில் ஜாகுவார் வாங்க முடிவெடுத்தபோது, தோற்றுக் கற்றுக்கொண்டிருந்த ஒரு தலைமுறை கலைந்துபோனது. 1983ல் தேஜஸ் திட்டம் வந்தபோது அடியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

தேஜஸுக்கென்று காவேரி எஞ்சின். 1989ல் பெங்களூரின் ஜி.டி.ஆர்.ஈ. ஆய்வகத்தில் தொடங்கியது, 382 கோடி ரூபாய் மதிப்பீட்டில். பிறகு மதிப்பீடு 2,839 கோடிக்குப் போனது. கிடைத்த உந்துவிசை இலக்குக்குக் கீழே, எடை இலக்குக்கு மேலே. 2008ல் தேஜஸிலிருந்து கழற்றிவிடப்பட்டது. 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் பறந்தது அமெரிக்க ஜி.ஈ. எஞ்சினில். 2021ல் அதே குடும்பத்தில் 99 எஞ்சின் கேட்டு ஒப்பந்தம் போட்டோம், முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அதுவரை உடம்புகள் காத்திருந்தன. அறுபது வருஷத்துக்கு முந்தைய அதே காட்சி.

இங்கே வீடியோக்காரர் துள்ளிக்குதிப்பார்: “1998 பொக்ரானுக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டதே, அது சதி இல்லையா?” போட்டார்கள்தான். தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அமெரிக்க நிறுவனத்தோடு வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களை வெளியே அனுப்பினார்கள். அப்புறம் என்ன ஆனது? இங்கே வந்து நம்மவர்களே முடித்தார்கள். மூன்றே ஆண்டுக்குள் விமானம் பறந்தது. ஏன் முடிந்தது? அந்தக் குழு தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தது, கலைக்கப்படவில்லை. தடை போட்ட இடத்தில் வேலை நடந்திருக்கிறது, உலோகத்தில் நடக்கவில்லை. தடையை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லவேண்டும். சீனாவுக்குப் பணமும் ஆளும் குறைவா? அவர்கள் தங்கள் விமானங்களில் பல வருஷம் ரஷ்ய எஞ்சினை மாட்டித்தான் ஓட்டினார்கள். சொந்த எஞ்சின் தேற இருபது ஆண்டுக்குமேல் ஆனது. விடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

*

இப்போது என் ஊருக்கு வருகிறேன். கோபமே இங்கிருந்துதான்.

டிப்ளமோ முடித்ததும் சிப்காட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். வெளிநாட்டு விமான எஞ்சின்களுக்கு வளையம், பிராக்கெட் என்று சின்னச்சின்ன ஜாப். மெட்டீரியல் இன்கோனல், நிக்கல் கலவை. அலுமினியத்தை வெண்ணெய் மாதிரி வெட்டிப் பழகினவனுக்கு அது நரகம். வேகமாகப் போனால் இன்சர்ட் சிவந்து சாகும். மெதுவாகப் போனால் டூல் வெட்டாமல் உரசும், உரசிய இடம் இறுகும், அடுத்த பாஸ் அந்த இறுகலில் மோதி இன்சர்ட் மூக்கு உடையும். சூடு சில்லோடு வெளியே போகாது, டூலுக்குள் ஏறும்.

எங்களுக்கு செட்டர் ஒரு அண்ணா. சூளகிரிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், திட்டும்போது கன்னடம். மெஷின் கதவு மூடியிருக்க, கண்ணாடி முழுக்க கூலண்ட் வழிய, ஒன்றும் தெரியாத நிலையில் திடீரென்று ஃபீட் ஹோல்ட் அமுக்குவார்.

“ஏன்ணா நிறுத்துனீங்க?”

“இன்சர்ட் போச்சு தம்பி. சத்தம் கேக்கல?”

திறந்து பார்த்தால் இன்சர்ட் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பள்ளம். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் ஜாப் குப்பை. அதன் விலை என் நாலு மாதச் சம்பளம். ஒன்றரை வருஷத்தில் எனக்கும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. காதில் ஒரு எழுத்து விழுந்தமாதிரி. நான் கற்றவற்றில் அதைப்போல எதுவும் எனக்குச் சந்தோஷம் கொடுத்ததில்லை.

இரண்டு வருஷம் முடிந்த அன்று அனுப்பிவிட்டார்கள். தப்பு எதுவும் செய்யவில்லை. டிரெய்னி காலம் முடிந்தது, அவ்வளவுதான். என்னோடு சேர்ந்த பதினோரு பேரும் அப்படியே. அடுத்த திங்கட்கிழமை புதிய பன்னிரண்டு பேர், ஒன்றாம் நாளிலிருந்து. அண்ணா மட்டும் இருந்தார், ஒவ்வொரு இரண்டு வருஷமும் காதே இல்லாத பையன்களுக்குச் சத்தத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. நான் இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டிக்கெட் குளோஸ் செய்கிறேன். சம்பளம் பரவாயில்லை. பன்னிரண்டு பேரில் உலோகத்தைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் டெலிவரி, செல்ஃபோன் கடை. ஒருவன் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறான், அவன்தான் எங்களில் வசதி.

இது சட்டவிரோதம் இல்லை. அதுதான் விஷயமே. பயிற்சியாளர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: பயிற்சியாளர் தொழிலாளி அல்ல, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கவேண்டிய கடமை முதலாளிக்குப் பொதுவாகக் கிடையாது. அந்தச் சட்டம் வந்த ஆண்டு 1961. மாருத் முதலில் பறந்த அதே ஆண்டு. வீடியோக்காரர்களே, 1961ல் நாம் இழந்தது என்ன என்று தேடுகிறீர்களே, இதையும் கொஞ்சம் பாருங்கள். கற்றுக்கொடுப்பதற்காக வந்த சட்டம், நல்ல நோக்கம்தான். அதை மலிவு ஆள் பிடிக்கும் வாசலாக மாற்றியது யார்? பிரிட்டன் இல்லை, அமெரிக்கா இல்லை. பிறகு வந்த திறன் மேம்பாட்டுத் திட்டங்களோ உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே திருப்பித் தருகிறேன் என்றன. ஆள் மாற மாற லாபம் என்றால் எவன் ஆளை வைத்துக்கொள்வான்?

“நீ சொல்வது லேத் பட்டறை சமாச்சாரம். எஞ்சின் என்பது விஞ்ஞானிகள் வேலை” என்று ஒரு நண்பர் சொன்னார். நன்றாகப் படித்தவர், ருஷ்ய நாவல் எல்லாம் கரைத்துக் குடித்தவர். ஒப்புக்கொள்கிறேன், நாங்கள் போட்ட பிராக்கெட்டும் ஒற்றைப் படிக பிளேடும் ஒன்றில்லை. காவேரி எங்கள் பட்டறையால் தோற்கவில்லை. ஆனால் ஆய்வகத்தில் ஒரு பிளேடு செய்வது விஞ்ஞானம், ஒரே தரத்தில் பத்தாயிரம் பிளேடு செய்வது பட்டறை. ஜி.ஈ.யும் ரோல்ஸ் ராய்ஸும் விற்பது இரண்டாவதை. முதலாவது சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், காவேரியின் அடுத்த வடிவம் நாளைக்கே தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்யப்போகிறவன் எங்கே? அவன் அத்திபெலே சோதனைச்சாவடியில் பைக்கில் பார்சலோடு நிற்கிறான். மேலே வடிவமைப்புக் குழுவைக் கலைத்தவர்களும் கீழே டிரெய்னியைக் கழற்றிவிட்டவர்களும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு காலம். பழக்கம் ஒன்று. வேலை முடிந்ததும் கற்றவனை வெளியே விடு.

இன்னொரு ஆட்சேபம், போர் விமானமே எதற்கு என்பது. எனக்கும் குண்டுபோடும் எந்திரத்தின்மேல் காதல் கிடையாது. ஆனால் பயணிகள் விமானத்தில் சுற்றுவதும், எரிவாயு மின்நிலையத்தில் சுற்றுவதும் இதே டர்பைன்தான். போர் வேண்டாம் என்கிறவர்களுக்கும் மின்சாரம் வேண்டும்.

2019 ஜனவரியில் திருச்சியில் வைத்துத் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கினார்கள். சென்னை, கோவை, சேலம், திருச்சி, ஓசூர் என்று ஐந்து மையங்கள். 2022ல் மாநில அரசின் வான்வெளிக் கொள்கை: பத்து ஆண்டில் 75,000 கோடி முதலீடு, ஒரு லட்சம் வேலை. 2024 ஜூனில் சட்டசபையில் அறிவிப்பு: ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம், வருஷத்துக்கு மூன்று கோடிப் பயணிகள். எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள், பாகலூர் சாலையில் மனை விலை அன்று சாயங்காலமே ஏறியது. பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக்கூடாது என்பது பற்றி மனை விற்கிறவர்கள் பேசுவதில்லை.

விமான நிலையம் வரட்டும். எனக்கு அந்த ‘ஒரு லட்சம் வேலை’யில்தான் கண். வேலை என்று எதைச் சொல்கிறார்கள்? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு பேரை மாற்றுகிற பட்டறை, பத்து வருஷத்தில் அறுபது பேருக்கு வேலை கொடுத்ததாகக் கணக்குக் காட்டலாம். உள்ளே நிரந்தரமாக இருப்பது ஒரு செட்டர். வழித்தடத்தில் நிலமும் மானியமும் வாங்குகிற நிறுவனம், பயிற்சி முடித்தவர்களில் பாதிப் பேரையாவது நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போடமுடியாதா? செட்டருக்கு மேலே இன்னொரு படி, அதற்கு மேலே ஒரு படி, கடைசியில் உலோக ஆய்வுக்கூடத்தின் கதவு வரைக்கும் போகிற ஏணி ஒன்று வைக்கமுடியாதா? ஐ.டி.ஐ. படித்த ஒருவன் நாற்பது வயதில் ஒரு வார்ப்பு உலையின் பொறுப்பாளனாக இருக்கமுடியும் என்று ஓசூரில் எந்தப் பையனுக்காவது இன்று தோன்றுமா?

இதைக் கேட்டால் தேசபக்தி குறைவு என்கிறார்கள். கொடி காட்டுகிற வீடியோவை அனுப்பாததால் அப்படித் தோன்றலாம். அடுத்த முறை ஓசூரில் மேடை போட்டு, சால்வை போர்த்தி, ஒப்பந்தக் கோப்புகளைக் கைமாற்றிப் படம் எடுக்கும்போது யாராவது எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள். 2019ல் இந்த வழித்தடம் தொடங்கியபோது இங்கே பயிற்சிக்குச் சேர்ந்த பையன்களில் எத்தனை பேர் இன்றைக்கும் அதே மெஷின் முன்னால் நிற்கிறார்கள்? கோடியில் வேண்டாம், தலையை எண்ணிச் சொல்லட்டும்.